அஞ்சல்பெட்டியின் சாவி: பம்பாயின் மின்னஞ்சல் வழங்கிகள் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற மாதம் கோவண்டியில் ஓர் அறை அளவே உள்ள தமிழ் வாசகசாலையின் நண்பர்கள் என்னிடம் ஒரு கேள்வியுடன் வந்தனர். யாரோ நன்கொடையாகத் தந்த பழைய வழங்கிக் கணினி ஒன்று அவர்களிடம் இருக்கிறது. அதில் டெபியன் லினக்ஸ் நிறுவப்பட்டுள்ளது. தன்னார்வலர்கள் பதினான்கு பேருக்கு மின்னஞ்சல் முகவரி, அனைவருக்கும் பொதுவான நாட்காட்டி, முகவரி ஏடு ஆகியவை வேண்டும். "எந்தத் திறமூல மென்பொருளைப் போடலாம்?" என்பதே கேள்வி.

கேள்விக்குப் பின்னால் ஓர் இழப்பு இருந்தது. பதினோர் ஆண்டுகளாக வாசகசாலையின் கடிதங்கள் அனைத்தும் ஒரு தன்னார்வலரின் பெயரில் இருந்த இலவச அஞ்சல்பெட்டி வழியாகவே சென்று வந்தன. அவர் வேலை கிடைத்து வெளிநாடு சென்றார். கைபேசி எண் மாறியது. கடவுச்சொல் மறந்தது. பெட்டி பூட்டிக்கொண்டது. சீட்டா கேம்ப் முதியவர்களிடம் எடுத்த நேர்காணல்களின் எழுத்துப்படிகளும் அதற்குள்ளேயே இருந்தன. அவற்றைச் சொன்னவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை.

நான் கணினி வல்லுநன் அல்லன், வரலாற்று மாணவன். ஆகவே மென்பொருட்களின் பட்டியலைத் தருவதற்கு முன், இதே கேள்வியை இந்த நகரம் இதற்கு முன் எவ்வாறெல்லாம் எதிர்கொண்டது என்று தேடிப் பார்த்தேன். அந்தத் தேடலின் சுருக்கமே இது.

1. கார்பன் தாள்

மின்னஞ்சலுக்கு முன்பே பம்பாய் கடிதங்களால் இயங்கிய நகரம். அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்தவர்களிலும் சுருக்கெழுத்தில் குறித்தவர்களிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய தமிழர்கள் கணிசமானோர். அவர்களது தொழில் கடிதத்தை அனுப்புவதோடு முடிவதில்லை. ஒவ்வொரு கடிதத்திற்கும் கீழே கார்பன் தாள் வைத்து ஒரு நகல் எடுத்து, அதை நாள்வாரியாகக் கோப்பில் சேர்ப்பதும் அவர்கள் பொறுப்பு. நிறுவனத்தின் நினைவு அந்தக் கோப்பு அலமாரியில் இருந்தது. அதன் சாவி பெரும்பாலும் குமாஸ்தாவிடம் இருந்தது. இன்றைய மின்னஞ்சலின் தலைப்பகுதியில் காணும் 'சிசி' என்னும் ஈரெழுத்து, கார்பன் நகல் என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம்.

இந்த வேலை எளிய வேலையாகத் தோன்றினாலும் அதற்கு அரசியல் எடை இருந்தது. 1966 ஜூன் 19 அன்று தொடங்கப்பட்ட சிவசேனை, தென்னிந்தியருக்கு எதிராக முன்வைத்த முதன்மையான குற்றச்சாட்டு இந்த அலுவலக வேலைகளைப் பற்றியதே. பால் தாக்கரேயின் 'மார்மிக்' வார இதழ் அலுவலகப் பதவிகளில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. கடிதத்தைக் கையாள்பவர் யார் என்பது இந்நகரில் ஒருபோதும் வெறும் நிர்வாகக் கேள்வியாக இருந்ததில்லை.

நகரின் மறுகோடியில் வேறொரு வகை ஆவணத் தேவை இருந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், அகற்றப்பட்டது. அங்கு வாழ்ந்த தமிழர் உள்ளிட்ட பல்லாயிரவர் சீட்டா கேம்ப்பிற்கு மாற்றப்பட்டனர். பின்னர் மகாராஷ்டிர அரசு குடிசைவாசிகளின் உரிமையைக் குறிப்பிட்ட நாளுக்கு முன் குடியிருந்ததற்கான சான்றுடன் பிணைத்தது. முதலில் 1995 ஜனவரி 1, பிறகு 2000 ஜனவரி 1 என அந்நாள் நகர்ந்தது. எந்தத் தாள் யாரிடம் பத்திரமாக இருந்தது என்பதே எவர் வீடு பெறுவார் என்பதைத் தீர்மானித்த பகுதி இது. இங்கே நடக்கும் வாசகசாலைக்குக் கடிதப் பாதுகாப்பு என்பது பொழுதுபோக்கு ஆகாது.

2. கம்பி தேர்ந்தெடுத்த மென்பொருள்

இந்தியக் கல்வி நிறுவனங்களிடையே மின்னஞ்சல் போக்குவரத்து தொடங்கியதில் பம்பாய்க்கு முதன்மை இடம் உண்டு. 1986இல் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. சென்னை உள்ளிட்ட ஐந்து ஐஐடிகள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், தில்லியில் மின்னணுவியல் துறை, பம்பாய் ஜூஹுவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் என எட்டு நிறுவனங்கள் அதில் பங்கேற்றன. ஜூஹு மையத்தின் இயக்குநராக இருந்த எஸ். ரமணி, 2014இல் இணையப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டவர்.

1986-87 காலத்தில் ஜூஹு மையத்துக்கும் பவாயில் உள்ள ஐஐடிக்கும் இடையே தொலைபேசி அழைப்பு வழியாக மின்னஞ்சல் பரிமாறப்பட்டது. அதற்குப் பயன்பட்டது யுயுசிபி என்னும் யுனிக்ஸ் கருவி. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கிய கருவி அது. ஒரு கணினி மற்றொன்றைத் தொலைபேசியில் அழைக்கும். சேர்த்து வைத்த கடிதங்களை மொத்தமாகக் கொடுக்கும். தனக்குரியவற்றை வாங்கிக்கொண்டு தொடர்பைத் துண்டிக்கும். கடிதம் போகும் வழியிலுள்ள கணினிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வியப்புக்குறியால் பிரித்து முகவரியில் எழுத வேண்டும். சுருங்கச் சொன்னால், இது தபால்காரர் ஊர் ஊராகப் பையைக் கைமாற்றும் முறை.

அக்காலத்தில் 'எந்த மென்பொருள் சிறந்தது' என்ற கேள்விக்கு இடமே இல்லை. தொலைபேசிக் கம்பியில் இரைச்சல் மிகுதி. நிரந்தர இணைப்பு அரிது. அறுந்து அறுந்து வரும் இணைப்பைப் பொறுத்துக்கொள்ளும் மென்பொருள் எதுவோ அதுவே பயன்பட்டது. 1989இல் ஜூஹு மையத்திலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்த யுயுநெட் நிறுவனத்திற்கு வினாடிக்கு 9.6 கிலோபிட் வேகமுள்ள குத்தகை இணைப்பு அமைந்தது. இன்றைய கைபேசியில் எடுக்கும் மூன்று மெகாபைட் ஒளிப்படம் ஒன்று அந்தக் கம்பியில் கடக்க ஏறத்தாழ நாற்பது நிமிடம் பிடிக்கும். அந்த ஒற்றை இழையில் எட்டு நிறுவனங்களின் வெளிநாட்டுக் கடிதங்கள் சென்றன.

கடிதத்தைப் பிரித்து உரியவரிடம் சேர்க்கும் வேலையை யுனிக்ஸ் உலகில் அன்று செய்தது செண்ட்மெயில். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதி, 1983இல் பெர்க்லி யுனிக்ஸின் 4.2 பதிப்புடன் பரவிய மென்பொருள் அது. அதன் அமைப்புக் கோப்பு புரியாத குறிகளால் நிறைந்தது என்று நெடுநாள் பழிக்கப்பட்டது. அந்தச் சிக்கலுக்குக் காரணம் உண்டு. வெவ்வேறு வலையமைப்புகள் வெவ்வேறு முறையில் முகவரி எழுதிய காலத்தில், ஒன்றை மற்றொன்றாக மாற்றும் மொழிபெயர்ப்பாளனாக அது செயல்பட வேண்டியிருந்தது. எர்நெட்டும் இரு வேறு நெறிமுறைக் குடும்பங்களைச் சேர்த்தே இயக்கியது. 1995க்குப் பின்னரே ஏறத்தாழ முழுவதும் டிசிபி/ஐபி வழிக்கு வந்து சேர்ந்தது. பலமொழிச் சூழலில் துபாஷியின் கை ஓங்குவது போன்றது செண்ட்மெயிலின் ஆட்சி.

இக்காலகட்டத்தில் அஞ்சல்பெட்டியின் சாவி நிறுவனத்தின் கணினி அறையில், ஓரிரு பொறியாளர்களிடம் இருந்தது. அவர்கள் நம் உறவினர் போல அறிமுகமானவர்கள். பெட்டி பூட்டிக்கொண்டால் நடந்து சென்று கேட்கலாம்.

3. தேர்வு பிறந்த பத்தாண்டு

1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் வெளியிட்ட புழு நிரல் இணையத்தில் இருந்த ஆயிரக்கணக்கான யுனிக்ஸ் கணினிகளை முடக்கியது. அது நுழைந்த வாசல்களில் ஒன்று செண்ட்மெயிலில் திறந்து விடப்பட்டிருந்த பிழைதிருத்த வசதி. ஒரே பெரிய நிரல், அதுவும் கணினியின் உச்ச அதிகாரத்துடன் இயங்கும் நிரல், உலகின் கடிதங்கள் அனைத்தையும் தாங்கி நிற்பது ஆபத்து என்ற எண்ணம் வலுப்பட்டது. மாற்றுகள் 1990களின் நடுவில் வரத் தொடங்கின.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் 1995இல் தம் பல்கலைக்கழகத் தேவைக்காக எக்சிம் எழுதினார். டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய கியூமெயிலின் முதல் முழுப் பதிப்பு 1997இல் வெளிவந்தது. பாதுகாப்புக் குறையைக் கண்டுபிடிப்பவருக்கு 500 டாலர் என்று அவர் அறிவித்தார். ஐபிஎம் ஆய்வகத்தில் வீட்சே வெனிமா எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ் 1998 இறுதியில் வெளியானது. பின்னிரண்டும் ஒரே பெரிய நிரலைப் பல சிறு நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் வேலைக்குத் தேவையான அதிகாரத்தை மட்டும் கொடுத்தன. பிரித்தவர் முத்திரை குத்தமாட்டார், முத்திரை குத்துபவர் பணம் எண்ணமாட்டார் என்ற அஞ்சலக வேலைப் பிரிவினைதான் இது.

இங்கே உரிமத்தின் வரலாறு கவனிக்கத்தக்கது. கியூமெயில் தொழில்நுட்பத்தில் மிகச் சிறந்தது என்று பலர் கருதினர். ஆனால் அதை மாற்றி அமைத்த பதிப்பைப் பிறருக்கு வழங்க ஆசிரியர் அனுமதிக்கவில்லை. மூலநிரல் கண்முன் இருந்தது. படிக்கலாம், தம் கணினியில் திருத்தலாம், திருத்தியதைப் பகிர முடியாது. புதிய தேவைகள் எழுந்தபோது தனித்தனி ஒட்டுத்துணிகளாகத் திருத்தங்கள் திரிந்தன. 2007இல் அவர் அதைப் பொதுவுடைமை ஆக்கியபோது பெரும்பாலோர் போஸ்ட்ஃபிக்ஸுக்கோ எக்சிமுக்கோ நகர்ந்திருந்தனர். வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1989இல் தொடங்கிய பைன் என்னும் வாசிப்பு மென்பொருளுக்கும் ஏறத்தாழ இதே நிலை. ஆல்பைன் என்ற பெயரில் தெளிவான உரிமத்துடன் மறுபிறவி எடுக்க வேண்டியதாயிற்று. திறந்து வைத்த நூலகத்திற்கும் நூலை எடுத்துச் செல்ல அனுமதிக்கும் நூலகத்திற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் நன்கறிவர்.

பம்பாய் வாசிகள் பலருக்கு யுனிக்ஸ் அறிமுகமானதும் இந்தப் பத்தாண்டில்தான். 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. படங்களுடன் இணையத்தைக் காணும் கணக்குக்குக் கட்டணம் மிகுதி. மலிவானது 'ஷெல்' கணக்கு. தொலைபேசி வழியாக நிறுவனத்தின் யுனிக்ஸ் கணினிக்குள் நுழைந்து, கருந்திரையில் எழுத்துகளாக மட்டும் கடிதம் படிக்க வேண்டும். கடிதம் நிறுவனத்தின் வழங்கியிலேயே தங்கும். நமக்கு வேண்டுமானால் நாமே இறக்கிக்கொள்ள வேண்டும். கடிதம் பிறர் கிடங்கில், வாசிப்பு மட்டும் நம் திரையில் என்ற இன்றைய ஏற்பாடு அன்றே பழக்கத்துக்கு வந்துவிட்டது.

4. எட்டாவது பிட்

தமிழில் கடிதம் எழுதுவோருக்கு இன்னொரு தடை இருந்தது. 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் நெறிமுறை ஒவ்வோர் எழுத்தையும் ஏழு பிட்டுகளில் அடக்கியது. ஆங்கிலத்துக்கு அது போதும். 1990களில் தமிழ் எழுத்துகளைக் குறித்த டிஸ்கி முதலிய குறியேற்றங்களோ எட்டாவது பிட்டை நம்பியிருந்தன. வழியில் ஏதேனும் ஒரு வழங்கி அந்த எட்டாவது பிட்டை வெட்டிவிட்டால், அன்புள்ள அம்மாவுக்கு எழுதியது ஆங்கில எழுத்துகளின் குவியலாகப் போய்ச் சேரும். முன்பு, யூஸ்நெட்டின் 'சாக்.கல்ச்சர்.தமிழ்' குழுவில் ரோமன் எழுத்தில் தமிழ் எழுதிக்கொண்டிருந்ததற்கு எழுத்துரு இல்லாமை ஒரு காரணம். வழியின் குறுகலும் ஒரு காரணம்.

1992இல் நத்தேனியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் தரம் இதற்கு வழி செய்தது. எட்டு பிட் எழுத்துகளை ஏழு பிட் எழுத்துகளாக மாற்றிக் கட்டி அனுப்பி, பெறுமிடத்தில் பிரிப்பதே அதன் முறை. கட்டுவதற்கு விலை உண்டு. இன்றைய யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியெண்ணுக்கு மூன்று பைட்டுகள். 'க்' என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு குறியெண்கள், ஆறு பைட்டுகள். மைம் அனுமதிக்கும் இரு கட்டுமுறைகளில் ஒன்றில் அது எட்டு எழுத்தாகவும் மற்றொன்றில் பதினெட்டு எழுத்தாகவும் விரிகிறது. 9.6 கிலோபிட் காலத்தில் இந்த விரிவு எளிய செய்தி அன்று.

இத்தனை இடையூறுகளுக்கிடையே, மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகெங்கும் சிதறிய தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, மின்னஞ்சல் வழியே பகிர்ந்துகொண்டனர். கூட்டுப்பணி மென்பொருள் எதுவும் இல்லாமல், வெறும் கடிதப் போக்குவரத்தாலேயே நடந்த பெருங்கூட்டுப்பணி அது.

முகவரியையே தமிழில் எழுதும் உரிமைக்கு இன்னும் காலம் பிடித்தது. அதற்கான தரங்கள் 2012இல்தான் வந்தன. கூகுளின் ஜிமெயில் 2014இலும், போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் அவற்றை ஏற்றன. ஆயினும் அனுப்புநரின் வழங்கி ஏற்றால் போதாது. வழியிலுள்ள ஒவ்வொரு வழங்கியும் பெறுநரின் வழங்கியும் ஏற்க வேண்டும். சங்கிலியின் ஏதேனும் ஒரு கண்ணி தமிழறியாவிட்டால் கடிதம் திரும்பிவிடும்.

5. நாட்காட்டி என்னும் சிக்கல்

ஆங்கிலத்தில் 'குரூப்வேர்' எனப்படும் கூட்டுப்பணி மென்பொருள், கடிதத்துடன் நாட்காட்டி, முகவரி ஏடு, பணிப்பட்டியல் ஆகியவற்றை ஒன்றிணைப்பது. அச்சொல்லை 1978இல் பீட்டர், ட்ரூடி ஜான்சன்-லென்ஸ் இணையர் உருவாக்கினர். வணிக உலகில் 1989இல் லோட்டஸ் நோட்ஸும் 1996இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சும் அந்த இடத்தைப் பிடித்தன.

கடிதத்தில் வென்ற திறமூல உலகம் நாட்காட்டியில் ஏன் தடுமாறியது? கடிதத்தின் நெறிமுறை பொதுவில் எழுதப்பட்டு, எவரும் பின்பற்றத்தக்கதாக இருந்தது. ஆகவே ஒருவர் அனுப்பும் மென்பொருளையும் இன்னொருவர் சேமிக்கும் மென்பொருளையும் தனித்தனியே எழுதி இணைக்க முடிந்தது. 2002இல் பின்லாந்தின் டிமோ சிரைனன் வெளியிட்ட டவ்காட் அஞ்சலைச் சேமித்துத் தரும் வேலையை மட்டும் செய்தும் உலகெங்கும் பரவியது இதனால்தான். நாட்காட்டிக்கோ நிகழ்வை எழுதும் வடிவம் 1998இல் வந்தாலும், அதை வழங்கியுடன் பரிமாறும் கால்டாவ் நெறிமுறை 2007இல்தான் தரமாயிற்று. எக்ஸ்சேஞ்சின் உள்மொழியை மைக்ரோசாஃப்ட் 2008 வரை முறையாக வெளியிடவில்லை.

அந்த இடைவெளியில் பல முயற்சிகள் நடந்தன. ஜெர்மனியின் கூட்டாட்சித் தகவல் பாதுகாப்பு அலுவலகம் 2002இல் அளித்த ஒப்பந்தத்திலிருந்து கோலாப் பிறந்தது. 2003இல் ஓப்பன்குரூப்வேரும் ஈகுரூப்வேரும் வந்தன. 2005இல் வெளிவந்த சிம்ப்ரா அனைத்தையும் ஒரே பொதியாகக் கட்டித் தந்ததால் பல நிறுவனங்கள் அதை விரும்பின. சிம்ப்ராவின் பிற்கால வரலாறு ஒரு பாடம். 2007இல் யாஹூ அதை 35 கோடி டாலருக்கு வாங்கியது. பின்னர் விஎம்வேர், டெலிஜென்ட், சினாகோர் என்று கைமாறியது. ஒன்பதாம் பதிப்பிலிருந்து நேரடியாக நிறுவத்தக்க இலவசப் பொதிகளை அந்நிறுவனம் வெளியிடுவதை நிறுத்தியது. மூலநிரல் மட்டும் கிடைத்தது. 2022இல் அதிலிருந்த பாதுகாப்புக் குறையைப் பயன்படுத்தி உலகெங்கும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட வழங்கிகளுக்குள் ஊடுருவல் நிகழ்ந்ததாகப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அறிவித்தனர். உரிமத் தாளில் 'திறமூலம்' என்று எழுதியிருப்பது மட்டும் ஒரு சிறு நிறுவனத்தைக் காப்பாற்றிவிடாது. அதைப் பராமரிக்கும் சமூகம் எத்தகையது, ஒரே நிறுவனத்தை நம்பியதா என்றும் பார்க்க வேண்டும்.

6. அண்டை வீடும் அரசாணையும்

கோவண்டிக்கு அடுத்த நிலையமான மான்குர்டில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் உள்ளது. அங்கே பணியாற்றிய ஜி. நாகார்ஜுனா, 2001இல் தொடங்கப்பட்ட இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்தவர். அவரது ஆய்வகம் கல்விக்கான கட்டற்ற தளங்களை உருவாக்கியது. 2015இல் தியோனாரிலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனமும் எம்ஐடியும் டாடா அறக்கட்டளைகளும் சேர்ந்து தொடங்கிய 'கிளிக்ஸ்' திட்டத்திற்கும் அத்தளம் பயன்பட்டது. இணைய இணைப்பு இல்லாத அரசுப் பள்ளிகளிலும் பள்ளிக்குள்ளேயே இருக்கும் சிறு வழங்கியிலிருந்து பாடங்கள் ஓடின. யுயுசிபி காலத்தில் கம்பியின் பலவீனத்திற்கேற்ப மென்பொருளைத் தெரிந்த அதே அறிவு முப்பதாண்டுகளுக்குப் பின் மீண்டும் பயன்பட்டதை இங்கே காணலாம்.

அரசின் பாதை வேறு. ஜூஹு மையம் 2003 வாக்கில் சி-டாக் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது; அதே சி-டாக்கின் சென்னைக் கிளை டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' லினக்ஸை 2007இல் வெளியிட்டது. 2015 பிப்ரவரியில் நடுவணரசு மின்னஞ்சல் கொள்கையை அறிவித்து, அலுவல் கடிதங்கள் தேசியத் தகவலியல் மையத்தின் சேவை வழியாகவே செல்ல வேண்டும் என்றது. 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்திய கண்காணிப்புச் செய்திகளுக்குப் பிந்தைய காலம் அது. அடுத்த மாதமே திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையும் வந்தது. ஆனால் 2025இல் நடுவணரசு ஊழியர் ஏறத்தாழ 12 இலட்சம் பேரின் அஞ்சல்பெட்டிகள் சோஹோ நிறுவனத்தின் தளத்திற்கு மாற்றப்பட்டதாகச் செய்தி வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட, தென்காசி வரை கிளைவிட்ட தமிழ்நாட்டு நிறுவனம் என்பதில் நம்மில் பலருக்குப் பெருமிதம். அது நியாயமானதே. எனினும் அதன் அஞ்சல் மென்பொருள் திறமூலம் அன்று.

ஆகவே நாம் வழக்கமாகக் குழப்பிக்கொள்ளும் மூன்று கேள்விகளைப் பிரித்தறிய வேண்டியுள்ளது. நிரல் திறந்ததா? கடிதங்கள் எந்த நாட்டில், யாருடைய கட்டடத்தில் உள்ளன? பெட்டி பூட்டிக்கொண்டால் யாரிடம் முறையிடுவது? 1987இல் ஜூஹுவில் இம்மூன்றுக்கும் விடை ஏறத்தாழ ஒரே அறையில் இருந்தது. இன்று மூன்றும் மூன்று திசையில் உள்ளன.

7. வாசகசாலைக்குச் சொன்னது

வரலாற்றிலிருந்து அறிவுரைக்கு வருகிறேன். அனைத்தும் அடங்கிய பெரும்பொதி வேண்டாம் என்றேன். அது கேட்கும் நினைவகத்தைப் பழைய கணினி தாங்காது. ஒரு பகுதி பழுதானால் முழுவதும் நிற்கும். கடிதம் அனுப்பவும் பெறவும் போஸ்ட்ஃபிக்ஸ், சேமிக்க டவ்காட், உலாவியில் படிக்க ரவுண்ட்கியூப், நாட்காட்டிக்கும் முகவரி ஏட்டுக்கும் கால்டாவ் அறிந்த ரேடிகேல் என்னும் சிறு நிரல். நான்கும் டெபியனின் சொந்தக் களஞ்சியத்திலேயே கிடைப்பதால் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே வரும். ஒன்று பிடிக்காவிட்டால் மற்றவற்றைத் தொடாமல் அதை மட்டும் மாற்றலாம்.

சேமிப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய யுனிக்ஸ் முறையில் ஒரு பெட்டியின் கடிதங்கள் அனைத்தும் ஒரே நீண்ட கோப்பு. கியூமெயில் அறிமுகப்படுத்திய மெயில்டிர் முறையில் ஒவ்வொரு கடிதமும் தனிக்கோப்பு. எந்த மென்பொருளும் இல்லாமல்கூடக் கோப்பைத் திறக்கலாம். நாளதுவரை சேர்ந்த புதியவற்றை மட்டும் நகலெடுக்கலாம். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பழகிய கண்ணுக்கு இதுவே முறையான அடுக்கு. கியூமெயில் பெரும்பாலும் மறைந்தது. அதன் அலமாரி நிலைத்தது.

எதிர்வாதத்தையும் மறைக்கவில்லை. இன்று சொந்த வழங்கி நடத்துவது 1998ஐ விடக் கடினம். வீட்டு இணைப்புகளில் அஞ்சல் அனுப்பும் வாயிலைப் பெரும்பாலும் அடைத்து வைக்கின்றனர். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்னும் அடையாளச் சான்றுகளைச் சரியாக அமைக்காவிட்டால் கடிதம் குப்பைப் பெட்டிக்குப் போகும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இதில் மேலும் கண்டிப்பாயின. நெறிமுறை திறந்திருந்தும், ஒரு சில பெருநிறுவனங்களின் வாயிற்காவலரைக் கடக்காமல் கடிதம் சேர்வதில்லை. எனவே வெளியே அனுப்புவதை மட்டும் கட்டண இடைநிலைச் சேவை ஒன்றின் வழியாகச் செய்துகொள்ளலாம் என்றேன். வருவதும் சேர்வதும் தங்குவதும் நம் பெட்டியில் இருந்தால் போதும். அதையும் கவனிக்க ஆளில்லை எனில், நல்ல நிறுவனத்திடம் பணம் கட்டிச் சேவை பெற்று, மாதந்தோறும் நகலெடுத்து வைப்பதே நேர்மையான வழி. கவனிப்பாரற்ற வழங்கி ஊடுருவியவனின் தங்குமடம் ஆகிவிடும்.

மென்பொருளைவிட அழுத்திச் சொன்னவை இவை: ஆள்களப் பெயர் தனிநபர் பெயரில் அன்றி வாசகசாலையின் பெயரில் பதிவாக வேண்டும். நிர்வாகிகள் இருவருக்குக் குறையக் கூடாது. ஒருவர் ஊரைவிட்டுப் போனால் அந்த வாரமே வேறொருவர். மாதம் ஒருமுறை நகல் எடுத்து வேறொரு வீட்டில் வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து ஒரு கடிதத்தையேனும் மீட்டுப் பார்க்க வேண்டும். கடவுச்சொற்களை உறையிலிட்டு, நூல் வழங்கும் பதிவேடு இருக்கும் அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். மாட்டுங்கா குமாஸ்தா செய்ததை விடப் புதிதாக இதில் எதுவும் இல்லை.

போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் மூன்று வாரமாக ஓடுகின்றன. நாட்காட்டி இன்னும் அமையவில்லை. பழைய பெட்டி திறக்கவில்லை. இனித் திறக்கும் என்ற நம்பிக்கையும் குறைவு. ஆயினும் ஒரு செய்தி. நேர்காணல் எழுத்துப்படிகளில் சில, அன்று யாரோ முன்யோசனையுடன் 'சிசி' போட்டதால், வேறு இருவரின் பெட்டிகளில் கிடைத்துள்ளன. இதுவரை மொத்தம் ஒன்பது. நாற்பதுக்கு மேல் இருந்ததாக நினைவு.

சீட்டா கேம்ப் நேர்காணல்கள் தொடர்பாக வாசகசாலையிலிருந்து கடந்த பத்தாண்டுகளில் உங்களுக்கு ஏதேனும் கடிதம் வந்திருந்தால், அருள்கூர்ந்து தேடிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.